கடைசியாக ஏறியவர்

அந்த ஜீப் என் கண் முன்னால் திரும்பத் திரும்பப் பள்ளத்தில் விழுந்தது. எல்லாம் கணினித் திரையில்தான். பச்சை மலை, சிவப்பு மண்பாதை, ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த ஒரு பழைய ஜீப். ஏற்றத்தில் அது திணறி நிற்கும். ஒரு கணம் அசையாமல் இருக்கும். பிறகு பின்னோக்கி உருளத் தொடங்கும். நான் விசைப்பலகையில் கைக்கு அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துவேன். ஜீப் பாதையின் விளிம்பைத் தாண்டும், திரை இருளும், மறுபடி அதே ஏற்றத்தின் அடியில் வந்து நிற்கும். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பு அலுவலகம் அது. செய்திகள் இன்னும் வந்து குவியாத பிற்பகல். "பிரேக் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டு, "சென்னையில அவங்களும் இதத்தான் சார் கேட்டாங்க" என்றார்.

அவர் எங்கள் பக்க வடிவமைப்பாளர். நான் துணையாசிரியர். எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, செய்கிற வேலையே பெயராகிவிட்டிருந்தது. "லே-அவுட்டு, மூணாம் பக்கம் இன்னா ஆச்சு?" என்று நிருபர் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். "நீங்க இன்னும் நியூஸே குடுக்கலீங்களே, அதான் ஆச்சு" என்று உள்ளேயிருந்து பதில் போகும். வடிவமைப்பாளர் வடக்கனந்தல்காரர். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அம்மாவுக்கு மக்காச்சோளக் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலி வேலை. சொந்தமாக நிலம் கிடையாது. அண்ணன் கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டினார். வெள்ளிமலை வரைக்கும் பேருந்து போகிறது. அதற்கப்பால் சின்னச் சின்ன ஊர்களுக்கு மண்பாதையில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் அவருடையது ஒன்று. தங்கை கள்ளக்குறிச்சியிலேயே கணினிப் பட்டம் முடித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார்.

வேலையில் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்தைத் திரையில் முடித்ததும் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே எதிர்ச் சுவர் வரை போய்விடுவார். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பக்கத்தைப் பார்ப்பார். எழுத்து எதுவும் தெரியாத தூரம் அது. கேட்டால், "மொதல்ல கண்ணு எங்க போவுதுன்னு பாக்கறேன் சார்" என்பார். நான் எழுதிய தலைப்பை விட்டுவிட்டு எல்லோருடைய கண்ணும் கீழே இருக்கிற நகைக்கடை விளம்பரத்துக்குப் போவதாக அவர் சொன்ன நாள்களும் உண்டு. அப்போது எனக்கு அது பிடித்ததில்லை.

அவர் கணினி விளையாட்டு செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார் என்பது தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு வேளையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் பாட வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு உருவாக்குவதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்றும், அதில் மலையை ஏற்றி இறக்கலாம், மழை பெய்யவைக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. விளையாட்டு என்ற சொல் எங்கள் பத்திரிகையில் இரண்டே இடத்தில்தான் வரும். கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட்டாக வரும், உள்பக்கத்தில் கைப்பேசியால் பிள்ளைகள் கெட்டுப்போவதாக வரும். இதைச் செய்து யாரோ சம்பளம் வாங்குகிறார்கள் என்பதையும், அந்த யாரோவில் ஒருவராக வடக்கனந்தல் பெண் ஒருவர் ஆக முடியும் என்பதையும் நான் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. அவர் நினைத்திருந்தார். சென்னை, பெங்களூர், ஐதராபாத் என்று விண்ணப்பங்கள் போய்க்கொண்டேயிருந்தன. பதில் வந்தால் அதில் முன் அனுபவம் கேட்டிருக்கும். முன் அனுபவம் எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

கடைசியில் சென்னை நிறுவனம் ஒன்று அனுபவத்தைக் கேட்காமல் ஒரு சோதனை வைத்தது. சின்னதாக ஒரு விளையாட்டைச் செய்து அனுப்ப வேண்டும். அதில் ஒரே ஒரு விதி இருந்தால் போதும். ஆனால் அந்த விதி என்னவென்று திரையில் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. ஆடுகிறவர் ஆடியே தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வடிவமைப்பாளர் அதற்காகத்தான் ஜீப்பைச் செய்தார்.

அந்த ஜீப்பைப் புரிந்துகொள்ள மலையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தான மண்பாதையில் நின்றுவிட்டால் பிரேக்கை மட்டும் நம்பி மறுபடி கிளப்ப முடியாது. பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றுகிற இடைவெளியில் வண்டி பின்னால் போய்விடும். அதனால் யாராவது குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கட்டையை வைக்க வேண்டும். வண்டி கட்டையில் முட்டி நிற்கும். ஓட்டுநர் எஞ்சினை உறுமவிட்டு மேலே ஏற்றிவிடுவார். கட்டை வைத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். இதற்கென்று கிளீனர் கிடையாது. கடைசியாக ஏறியவருக்கு வண்டியின் பின்விளிம்பில்தான் இடம் கிடைக்கும். கட்டையும் அங்கேதான் கிடக்கும். எனவே அது அவர் வேலை. ஆணா பெண்ணா, பெரிய மனிதரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் அண்ணனுடன் மலைக்குப் போய்வந்த நாளிலிருந்து எங்கள் வடிவமைப்பாளர் எத்தனையோ தடவை கடைசியாக ஏறியிருக்கிறார்.

விளையாட்டில் நாம் ஓட்டுநர் இல்லை. பின்விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசி ஆள் நாம்தான். நமக்கு முன்னால் பயணிகளின் முதுகுகள், அவற்றுக்கும் முன்னால் ஓட்டுநர், கண்ணாடிக்கு வெளியே ஏற்றம். காலடியில் கட்டை. வண்டி நின்றதும் இறங்கிக் கட்டை வைக்க வேண்டும், அதுதான் விதி. செய்து முடித்ததும் அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அண்ணன் முதல் தடவையே இறங்கிக் கட்டையை வைத்துவிட்டார். ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்த மற்ற ஓட்டுநர்கள், சந்தைக்கு வந்தவர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. "இன்னா பாப்பா, இவ்ளோ ஈஸியா இருக்குது? இதுக்கா வேல குடுப்பாங்க?" என்று அண்ணன் கேலி செய்ததில் இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விளையாட்டு எளிதாகப் போய்விட்டது என்று முடிவு செய்து, ஏற்றத்தை இன்னும் செங்குத்தாக்கி அனுப்பிவைத்தார்.

சென்னையில் அதை ஆடிய எல்லோரும் பள்ளத்தில் விழுந்தார்கள். திரையில் ஜீப் தெரிந்ததால் தாங்கள்தான் ஓட்டுநர் என்று நினைத்து முன்னால் போகிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பிறகு நான் அழுத்தியது போலவே. வண்டியில் பிரேக் வேலை செய்யவில்லை, நிரலில் பிழை இருக்கிறது, ஆடுகிறவர் செய்வதற்கு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் அந்த மலையை வரைந்திருந்த விதம் அங்கே குழுவை நடத்திய அம்மையாருக்குப் பிடித்திருந்தது. பிழையைத் திருத்திக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் முன்னால் ஒருவர் ஆடுவார், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாவட்டப் பதிப்புகளின் பக்கங்களை இனித் தலைமை அலுவலகத்திலேயே வடிவமைப்பது என்று முடிவாகியிருந்தது. மாதம் முடிந்தால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை வேலை தயாராக இருந்தது. அப்பா போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். அந்தப் பள்ளியில் ஒரு நிபந்தனை உண்டு. சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று வருடம் முடியாமல் திருப்பித் தர மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "மூணு வருசம் கழிச்சி இந்த சாஃப்ட்வேர்ல நான் கத்துகினது எதுவும் இருக்காது சார், எல்லாம் மாறிடும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பத்தி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

முதலில் நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். எழுதக் கூடாது என்றால் அம்புக்குறி போடலாமே என்றேன். கட்டையின் மேல் சிவப்பு அம்புக்குறி ஒன்று விட்டுவிட்டு மின்னும்படி செய்தார். நிருபரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவர் அம்புக்குறியைப் பார்த்ததும் அதை மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறியைத் தேடினார். "வெளம்பரம்னு நெனச்சேன்பா, போன்ல இப்படித்தான வருது?" என்றார். அம்புக்குறி போயிற்று. அடுத்து கட்டையைத் தங்கம் போலப் பளபளக்கவைத்தார். விளம்பரப் பிரிவுக்காரர் வந்து உட்கார்ந்தார். கட்டையை உடனே கண்டுபிடித்துவிட்டார், எடுத்தும்விட்டார். எடுத்ததைப் பத்திரமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டியோடு பள்ளத்தில் இறங்கினார். "தங்கம் கெடச்சா கீழ வைப்பாங்களா லே-அவுட்டு?" என்று கேட்டார். அவரிடம் நியாயம் இருந்தது. வடிவமைப்பாளர் சிரிக்கவில்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதைக் காட்டிலும் அழுத்துவதற்கு முன்னால் எங்கே பார்க்கிறார்கள் என்பதையே அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் ஜீப்பை மறுபடி பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். சாமை விளைச்சல் பற்றி நான் எழுத வேண்டிய கட்டுரை ஒன்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நானும் கிளம்பினேன். கச்சிராயப்பாளையம் வழியாகப் பேருந்தில் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வண்டியோடு காத்திருந்தார். கட்டம் போட்ட லுங்கி, காதில் ஒற்றை இயர்போன், எதற்கும் முன்கூட்டியே சிரித்துவிடுகிற முகம். "சார்தான் பேப்பரா? எங்க ரோட்ட பத்தி நல்லா பெருசா போடுங்க சார், குண்டு குழி எல்லாம் எண்ணியே குடுக்கறேன்" என்றார். சாமை மூட்டை வைத்திருந்த ஒருவரிடம் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஆரன் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் வண்டி நிறைந்திருந்தது. பின்விளிம்பில் ஓர் ஆள் உட்காரும் இடம் மட்டும் இருந்தது. நான் எதையும் யோசிக்காமல் அதில் ஏறிக்கொண்டேன். வடிவமைப்பாளர் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பாதையைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பி.

ஊரைத் தாண்டி மண்பாதையில் இரண்டு வளைவு போயிருப்போம். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. அதுவரை வண்டிக்குள் ஒரே பேச்சாக இருந்தது. ஒரு கல்யாணத்தில் சாப்பாடு பற்றாமல் போனதைப் பற்றி அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தம் மாறியதும் பேச்சு நின்றது. நின்றதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கையைக் காட்டவும் இல்லை. நான் அவர்களைப் பார்த்தேன். சட்டையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டேன். மடியில் கோழிக் கூடையோடு எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் பொறுமை இழந்தார். "இன்னா சாமி, எங்க மூஞ்சியவே பாத்துகினு குந்திகினு இருக்கற? கட்டைய எடுத்துகினு எறங்கு!" வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் கட்டையோடு குதித்தேன். அதைச் சக்கரத்துக்குக் கீழே எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு நொடி குழம்பி, பிறகு வைத்தேன். "வெச்சிட்டீங்களா சார்?" என்று அண்ணன் கத்தினார். வண்டி கட்டையில் முட்டி நின்று, உறுமி, மேலே ஏறியது. கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யாரோ ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதையும் பேப்பர்ல போடுவீங்களா சார்?" என்றார் அவர்.

அடுத்த ஊரில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது வடிவமைப்பாளர் என்னிடம் வந்தார். "சார், எறங்கறதுக்கு முன்னாடி நீங்க யாரப் பாத்தீங்க?" என்று கேட்டார். "நான் யாரையும் பாக்கலம்மா, அவங்கதான் எல்லாரும் என்னப் பாத்தாங்க" என்றேன். "அதான் சார்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் முன்னிருக்கையில் மறுபடி பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

இதைப் பிறகு நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து அந்த வண்டியில் போய்வந்தவர் அவர். அந்தப் பார்வைகள் அவர் மேல் எத்தனையோ முறை பட்டிருக்கும். பட்டவுடனே இறங்கிப் பழகியவருக்குப் பார்வை நினைவில் தங்கவில்லை, இறங்கியது மட்டுமே தங்கியிருக்கிறது. அதனால்தான் அவர் செய்த ஜீப்பில் பாதை இருந்தது, மூட்டை இருந்தது, கட்டையின் தேய்ந்த முனைகூட இருந்தது. பயணிகள் மட்டும் பொம்மைகளாக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மலைக்காரர்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை. எஞ்சின் சத்தம் ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. வேறொருவர் தெரியாமல் விழிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற வரைக்கும் செய்தவருக்கும் அது தெரிய வழியில்லை. செய்தி எழுதுவதிலும் இது நடக்கிறது. எழுதுகிறவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் செய்தியில் விடுபட்டுப் போகும்.

அதற்குப் பிறகான நாள்களில் அவர் சாப்பாட்டு வேளையில் சாப்பிட்டதாக நினைவில்லை. எஞ்சின் திணறத் தொடங்கியதும் பயணிகள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்ப வேண்டும். எல்லோரும் ஒன்றாகத் திரும்பினால் பேய்ப்படம் மாதிரி இருக்கிறது என்று நிருபர் சொன்னார். அதை மாற்றினார். வயதான அம்மாள் முதலில் திரும்புவார், அவர் திரும்பியதைப் பார்த்து மற்றவர்கள் திரும்புவார்கள். கடைசியாக ஓட்டுநரின் கண்கள் கண்ணாடியில் தெரியும். கோழிகூடக் கூடையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் தீர்ந்துபோய், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று பிடித்துவந்து உட்காரவைத்தோம். பாதிப் பேர் விழுந்தார்கள், பாதிப் பேர் இறங்கினார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின்னால் நின்றார்.

வெள்ளிக்கிழமை பகலில் அழைப்பு. இணையம் நன்றாக இருந்த இடம் எங்கள் அலுவலகம்தான் என்பதால் அங்கேயே வைத்துக்கொண்டோம். அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். முதலாளி முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். திரையில் குழுத் தலைவியும் அவருக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண்ணும் தெரிந்தார்கள். ஆடப்போவது அந்த இளம்பெண். வட மாநிலத்தவர், தமிழ் தெரியாது. முந்தைய முறை அவர் ஆடவில்லை. "நீங்க எதுவும் சொல்லக் கூடாது. ஒரு க்ளூகூட வேண்டாம்" என்றார் தலைவி. வடிவமைப்பாளர் தலையசைத்துவிட்டு, அண்ணனை ஒருமுறை பார்த்து, எங்கள் பக்கத்து ஒலியை நிறுத்திவைத்தார். அது நல்லதாகப் போயிற்று.

அந்தப் பெண் ஆடுவது எங்கள் திரையிலும் தெரிந்தது. ஜீப் கிளம்பியது. ஏற்றம் வந்தது. எஞ்சின் திணறியது. அம்மாள் திரும்பினார், மற்றவர்கள் திரும்பினார்கள், கோழி கழுத்தை நீட்டியது. அந்தப் பெண் முன்னால் போகிற பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தார். வண்டி உருண்டு பள்ளத்தில் போயிற்று. "அய்யோ, கட்டைய போடும்மா!" என்று அண்ணன் அலறினார். நிருபர் அன்றைய பத்திரிகையைச் சுருட்டி அவர் வாயருகே பிடித்துக்கொண்டார். வடிவமைப்பாளரின் கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. ஒலிப் பொத்தான் அந்தக் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் இறங்கிவிடுவார். சொன்னால் விளையாட்டு தோற்றுவிடும்.

இரண்டாம் முறை வண்டி திணறியதும் பயணிகள் திரும்பினார்கள். அந்தப் பெண் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தலைவியிடம் ஆங்கிலத்தில், இவர்கள் எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள் என்று கேட்டார். வண்டி மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவர் அந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்ப்பது போலத் திரையில் கீழே குனிந்தார். காலடியில் கட்டை கிடந்தது. எடுத்தார், குதித்தார், ஓடிப்போய்ச் சக்கரத்தின் மேட்டுப் பக்கத்தில் வைத்தார். "மேல இல்லம்மா, கீழ! கீழ!" என்று அண்ணன் பத்திரிகைச் சுருளுக்குள் கத்தினார். வண்டி கட்டையை விட்டு விலகிப் பள்ளத்துக்குப் போயிற்று. ஆனால் இம்முறை அந்தப் பெண் சத்தமாகச் சிரித்தார். அடுத்த முறை சரியாக வைத்தார். ஜீப் ஏறியது. அவர் கட்டையோடு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டபோது அம்மாள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். போதும் என்றார் தலைவி. இன்னும் ஒரு வளைவு, என்றார் அந்தப் பெண்.

ஆடி முடிந்ததும் ஒலியைத் திறக்கச் சொன்னார்கள். பிழை எங்கே இருந்தது என்று தலைவி கேட்டார். "வண்டில இல்லீங்க மேடம். எங்கிட்டதான் இருந்துச்சி. எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்" என்றார் எங்கள் வடிவமைப்பாளர். தலைவி எதையோ குறித்துக்கொண்டார். விளையாட்டை வடிவமைக்கிற வேலை இப்போது காலியில்லை, ஆடுகிறவர்களைக் கவனித்துச் சோதிக்கிற பிரிவில் எடுத்துக்கொள்கிறோம், ஆறு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகு இருப்பதும் போவதும் வேலையைப் பொறுத்தது என்றார். நான் எதிர்பார்த்த பதில் இல்லை. மூன்று வருடத்துக்கு உறுதியான வேலை உள்ளூரில் ஒரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒரு நாற்காலி சென்னையில் இன்னொரு பக்கம். கேட்டது ஒரு வேலை, கிடைத்தது அதன் வாசலில் ஓர் இடம். யோசித்துச் சொல்லலாம் என்று நான் கையால் சாடை காட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. "வர்றேங்க மேடம்" என்றார்.

அப்போதே அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். அம்மா காட்டில் இருந்தார், காற்று இரைந்தது. "வெளாட்றதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? இன்னாடி கத வுடற?" "வெளாட்றதுக்கு இல்லம்மா. வெளாட்றவங்கள பாக்கறதுக்கு." "அத நம்ம வூட்டாண்ட தெருவுல நின்னு பாத்தாலே ஆச்சே, அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ்?" அண்ணன் கைப்பேசியைப் பிடுங்கி, "யம்மா, ஒரு இந்திக்கார பொண்ண நம்ம பாப்பா ஜீப்லேர்ந்து எறக்கி வுட்டுச்சிம்மா" என்றார். அந்த விளக்கத்தில் அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சரி, வூட்டுக்கு வந்து பேசு என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வடிவமைப்பாளர் பள்ளிக்கு நேரில் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு, கொடுக்காத சான்றிதழ்களுடன் அலுவலகத்துக்கு வந்து அன்றைய பக்கங்களை முடித்துக் கொடுத்தார். அப்பா அவரோடு சில வாரம் பேசவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த ஆறு மாதம் நீண்டு, ஒரு வருடமாகி, பிறகு அவர் வடிவமைக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஜீப் விளையாட்டு வெளிவரவேயில்லை. அந்த நிறுவனம் அதைக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. நான் அந்தப் பத்திரிகையை விட்டு வந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் இப்போது நிருபர் மட்டும் இருக்கிறார். மலையில் சில பாதைகளுக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்றும், அதற்கப்பால் இன்னும் கட்டை வேண்டியிருக்கிறது என்றும் அண்ணன் சொல்கிறார்.

அண்மையில் ஒரு வேலையாகச் சென்னை போயிருந்தபோது வடிவமைப்பாளரைப் பார்க்கப் போனேன். ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார். வெளியாகாத ஒரு விளையாட்டை வெளியாட்களை வைத்து ஆடிப் பார்க்கிற அறை. எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ ஓட்டுநர் ஆடிவிட்டு எழுந்துபோனார். நான் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு பழைய மாளிகை. அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கதவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டேன். தள்ளினேன், தட்டினேன், சுற்றிவந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தேன். அவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற புதுப்பெண் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, என் மேல் இரக்கப்பட்டு வாயைத் திறந்தார். இவர் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். புதுப்பெண் வாயை மூடிக்கொண்டார். நான் திரைக்குத் திரும்பினேன். வெகுநேரம் முயன்றும் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, "ரொம்ப முட்டாள்தனமா ஆடினேனாம்மா?" என்று கேட்டேன். "நீங்க இல்ல சார், நாங்கதான்" என்றார். அடுத்த முறை தொலைபேசியில் பேசியபோது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அந்தக் கதவையே எடுத்துவிட்டதாகச் சொன்னார்.